விளையாட்டும் விலைபோகும் பெயர்களும்



அட்டாளைச்சேனைக் கடற்கரையிலே அஸர்த் தொழுகை முடிந்ததும் சிறுவர் கூட்டமொன்று துடுப்பும் பந்துமாகக் கூடுவது வழக்கம். தென்னை மட்டையைச் சீவிச் செய்த துடுப்பு, மென்பந்து ஒன்று, மணலில் ஊன்றிய மூன்று தடிகள். அவர்களுடைய முதலெல்லாம் இவ்வளவே. ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் செய்யும் முதற் காரியம் பெயர் சூட்டிக்கொள்வதாகும். முன்னொரு காலத்தில் அரவிந்தவும் ஜயசூரியவும், அதன்பின் சங்கக்காரவும் முரளியும் மாலிங்கவும், இன்று ஹசரங்கவும் பத்திரனவும் அம்மணலில் ஆடுகின்றனர். முரளியின் பெயரைப் பூண்டவன் மணிக்கட்டை வளைத்து, கண்ணை அகல விழித்து ஓடிவருவான். மஃரிபுக்குப் பாங்கு கேட்கும்வரை அப்பெயர் அவனுக்கே சொந்தம். அதற்காக அவன் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஒரு சதமேனும் செலுத்தியதுமில்லை.

அதே சிறுவன் இரவிலே கணினியின் முன்னமர்ந்து அதே ஆட்டத்தை ஆடத் தொடங்கும்போது நிலைமை வேறாகின்றது. அங்கே பெயருக்கு விலை உண்டு. அவ்விலையை ஒருவரே கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வாராயின் ஆட்டத்துக்கும் ஆடுவோனுக்கும் நேர்வது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

2006 ஆம் ஆண்டின் இறுதியில் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி 'கிரிக்கெட் 07' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் கரையூர்களிலே கணினி இருந்த வீடுகள் சில. இருந்த வீட்டிலே அயற்பிள்ளைகளெல்லாம் கூடினர். அவர்கள் கைக்கு வந்த இறுவட்டு விலைகொடுத்து வாங்கப்பட்டதா, பிரதி எடுக்கப்பட்டதா என்பதை இங்கே கிளற வேண்டுவதில்லை. அவ்விளையாட்டிலே அவுஸ்திரேலிய அணியும் இங்கிலாந்து அணியும் தத்தம் வீரரின் மெய்ப்பெயர்களோடு தோன்றின. 1996 இல் லாகூரிலே உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கையின் வீரர்களோ, எழுத்து மாறி ஓசை குழம்பிய பெயர்களோடு திடலில் இறங்கினர். "காக்கா, இதில நம்மட ஆக்கள்ர பேரெல்லாம் ஏன் பிழையாக் கிடக்கு?" என்று தம்பி கேட்டால், அச்சுப்பிழை என்று தமையன் விடை சொல்லியிருப்பான். அஃது அச்சுப்பிழை அன்று. அறிந்தே செய்யப்பட்ட திரிபு. 2010 இல் கோட்மாஸ்டர்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பனி வெளியிட்ட 'இன்ரநஷனல் கிரிக்கெட் 2010' என்னும் விளையாட்டிலும் இதே கதைதான். அங்கும் உரிமை பெற்றிருந்தவை இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவுமே.

ஒரு விளையாட்டைக் கணினியில் அமைப்போர் துடுப்பையும் பந்தையும் திடலையும் தாமே வரைந்துகொள்ளலாம். ஆட்டத்தின் விதிகள் எவருக்கும் தனிச்சொத்து அல்ல. ஆனால் அணியின் சின்னமும் உடையும் கிரிக்கெட் சபைக்கு உரியன. போட்டியின் பெயரும் கிண்ணமும் அதனை நடத்துவோருக்கு உரியன. வீரனின் பெயரும் முகமும் அவனுக்கோ, அவன் அவற்றை ஒப்படைத்த சங்கத்துக்கோ உரியன. ஒவ்வொரு வாயிலிலும் நின்று உரிமைப்பத்திரம் பெறுதல் வேண்டும். பெறாதவர் பெயரைத் திரித்துப் போட்டுத் தப்பித்துக்கொள்வர். பத்திரத்துக்குப் பணம் வாங்குவதில் குற்றமில்லை. வியர்வை சிந்தி ஈட்டிய புகழுக்குக் கூலி உண்டு. பத்திரத்திலே 'இவருக்கு மட்டும்' என்ற ஒரு சொல் சேரும்போதுதான் வினை தொடங்குகின்றது.

அச்சொல்லின் வேலையை வெளிப்படக் காண வேண்டுமாயின் அமெரிக்கா செல்லவேண்டும். அந்நாட்டார் 'புட்போல்' என்று அழைப்பது நம்மூர் உதைபந்தாட்டமன்று. கையிலே பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். 2004 ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தைக் கணினியில் ஆடுவதற்கு இரண்டு விளையாட்டுகள் சந்தையில் மோதின. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனியின் 'மேடன்' ஏறத்தாழ 50 டொலருக்கு விற்றது. எதிராளியின் 'என்.எப்.எல். 2கே5' என்பதோ 20 டொலர்தான், தரத்திலும் சளைத்ததன்று. சில மாதங்களுக்குள் 'மேடன்' தன் விலையை 30 டொலராகக் குறைத்தது. வாங்குவோருக்கு இதனினும் நற்காலம் வேறுண்டோ? ஆயின் அதே ஆண்டு திசெம்பர் மாதத்தில் தேசிய புட்போல் லீக்கும் அதன் வீரர் சங்கமும் தம் அணிகளையும் பெயர்களையும் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் ஒன்றுக்கே கொடுத்தன. எதிராளியின் விளையாட்டு மறு ஆண்டு வரவில்லை. எவரும் அதனைத் தடைசெய்யவில்லை. பெயரில்லாத அணிகளை வைத்துக்கொண்டு அது சந்தைக்கு வரக்கூடவில்லை, அவ்வளவே. 'மேடன்' மீண்டும் 50 டொலரை எட்டியது. விலையேற்றத்துக்கு இவ்வேகபோக உரிமையே காரணம் என்று வாங்கியோர் 2008 இல் கலிபோர்னியாவிலே வழக்கிட்டனர். கம்பனி தன்மீது குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டே 2012 இல் 27 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. ஆயினும் லீக்கோடு செய்த ஏகபோக ஒப்பந்தம் பின்னரும் புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது.

உதைபந்தாட்டத்திலே இக்கூத்து நகைப்புக்கும் இடமாயிற்று. யப்பானியக் கம்பனியாகிய கொனாமியின் விளையாட்டிலே லிவர்பூல் அணி 'மேர்சிசைட் ரெட்' என்றும், செல்சி அணி 'லண்டன் எப்.சி.' என்றும் மாறுவேடம் பூண்டு பல்லாண்டு ஆடின. 2019 இல் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. இத்தாலியின் யுவென்ரசு அணி கொனாமிக்கு மட்டும் உரிமை கொடுக்க, எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் 'பீபா 20' விளையாட்டில் அவ்வணி 'பியமொன்ரே கல்சியோ' ஆயிற்று. ரொனால்டோ அங்கேதான் இருந்தார். அவர் ஆடிய கழகத்துக்குத்தான் பெயரில்லை.

கிரிக்கெட்டுக்கு மீள்வோம். பெயர் ஒருபுறமும் ஆட்டம் மறுபுறமுமாகப் பிரிந்து நின்றால் எது வெல்லும் என்பதை இவ்வாட்டத்தைப்போல் வேறெதுவும் காட்டியதில்லை.

2013 நவம்பரில் இங்கிலாந்து அணி ஆஷஸ் தொடருக்காக அவுஸ்திரேலியா சென்றிருந்தது. அதே வேளையில் இரு நாட்டுச் சபைகளின் உரிமையோடும் 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' என்னும் கணினி விளையாட்டு வெளியாயிற்று. அமைத்தது மெல்பேணிலுள்ள ட்ரிக்ஸ்டார் நிறுவனம். வெளியிட்டது 505 கேம்ஸ். சின்னம் மெய், உடை மெய், பெயர்களும் மெய். ஆட்டம் மட்டும் ஆடக்கூடியதாக இல்லை. களத்தடுப்போர் பந்தைக் கண்டும் காணாதார்போல் நின்றனர். வாங்கியோரின் கூக்குரல் தாளாமல் வெளியீட்டாளர் சில நாட்களிலேயே அதனைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டு பணத்தையும் திருப்பிக்கொடுத்தனர்.

மறு ஆண்டு ஏப்பிரலில் அதே மெல்பேண் நகரின் பிக் ஆன்ட் என்னும் மற்றொரு நிறுவனத்திடமிருந்து 'டொன் பிரட்மன் கிரிக்கெட் 14' வந்தது. அதற்குத் தேசிய அணிகளின் உரிமை கிடையாது. 2001 இலேயே மறைந்துவிட்ட ஒரு மாவீரரின் பெயரைத் தலைப்பிலே சூடிக்கொண்டு, உயிரோடிருந்த வீரர்களின் பெயர்கள் இன்றி அது களமிறங்கியது. எனினும் அதனை அமைத்தோர் ஒரு புத்தி செய்தனர். வீரர்களை ஆடுவோர் தாமே உருவாக்கிக்கொள்ளவும், உருவாக்கியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளவும் ஒரு பட்டறையை அதனுள்ளே அமைத்து, முழு விளையாட்டும் வெளியாகுமுன்பே அப்பட்டறையை மக்களிடம் கொடுத்துவிட்டனர். கொழும்பென்ன, கராச்சியென்ன, சென்னையென்ன, எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் தத்தம் நாட்டு வீரரின் மூக்கையும் தாடியையும் பந்துவீசும் பாணியையும் இரவிரவாகச் செதுக்கினர். உரிமைப்பத்திரம் இல்லாமலே இலங்கை அணி அவ்விளையாட்டில் முழுமையாகத் தோன்றியது. ஆட்டமும் நன்றாயிருந்தது, விரும்பி ஆடினர். பிற்காலத்தில், 2017 இல், ஆஷஸ் உரிமையே அந்நிறுவனத்தைத் தேடி வந்தது. முதலில் ஆட்டம், பின்னர் பெயர் என்ற ஒழுங்கு அங்கே தற்செயலாக அமைந்தது. ஏகபோக உரிமை அவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றது. பெயரை முதலில் விற்றபின் ஆட்டத்தைத் திருத்தவேண்டிய அவசியம் எவருக்கு உண்டு?

வீரனின் பெயர் வீரனுடையதா என்ற வினா இலங்கை மண்ணிலும் எழுந்ததொன்றே. 2002 செப்தெம்பரில் சம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகள் கொழும்பிலே நடைபெற்றன. சர்வதேசக் கிரிக்கெட் சபை, இரு உலகக் கிண்ணங்கள் உட்பட்ட தன் போட்டிகளின் வர்த்தக உரிமையை 550 மில்லியன் டொலருக்கு ஒரே கம்பனிக்கு விற்றிருந்தது. ஆதலின் போட்டிக் காலத்தில் வீரர்கள் தம் சொந்த விளம்பர ஒப்பந்தங்களை ஒதுக்கிவைக்க வேண்டுமென்று நிபந்தனை பிறந்தது. இந்திய வீரர்கள் பொங்கினர். பலநாட் பேச்சுக்குப் பின்னரே ஆட்டம் நடந்தது. பிரேமதாச அரங்கில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடந்த இறுதியாட்டத்தை இரு நாளும் மழை கெடுக்க, கிண்ணம் பங்கிடப்பட்டது. மழைக்கு எவரும் உரிமைப்பத்திரம் எழுதியிருக்கவில்லை போலும்!

அண்மையிலே, 2023 ஏப்பிரலில், தில்லி உயர்நீதிமன்றம் இதனோடு நெருங்கிய வழக்கொன்றில் கட்டளை பிறப்பித்தது. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் முதலிய வீரர்களிடம் எண்ணிம அட்டைகளுக்கான ஏகபோக உரிமை பெற்ற ஒரு கம்பனி, அதே வீரரின் பெயரையும் ஓவியத்தையும் தன் விளையாட்டில் பயன்படுத்திய மற்றொரு கம்பனியைத் தடுக்கக் கோரியது. நீதிபதி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். பொதுவெளியில் எவரும் அறிந்த பெயரும் ஓட்டக்கணக்கும் ஒருவரின் ஏகபோகம் ஆகா என்பதும், ஓவியமாகத் தீட்டுதல் கருத்துச் சுதந்திரத்தின்பாற்படும் என்பதும் அவர் கொண்ட நிலை. கடற்கரைச் சிறுவர்கள் சட்டம் படியாமலே இதனை அறிந்திருந்தனர்.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. பெயரை மட்டும் அழித்துவிட்டு மற்றெல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது சில வேளை களவுக்கு ஒப்பாகும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் உருவமும் சட்டை இலக்கமும் அப்படியே கணினி விளையாட்டில் வந்தன. பெயர் இல்லை, ஆகவே ஊதியமும் இல்லை. எட் ஓபனன் என்னும் முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர் தம் உருவத்தையே அதிற் கண்டு 2009 இல் வழக்காடினார். கம்பனி பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டதோடு, கல்லூரிப் புட்போல் விளையாட்டு 2013 க்குப் பின் நின்றே போயிற்று. 2024 இல் அது மீண்டபோது, சேர்ந்துகொண்ட மாணவ வீரர் ஒவ்வொருவருக்கும் 600 டொலரும் ஒரு பிரதியும் கிடைத்தன. பெருந்தொகையன்று; ஆனாலும் பெயரோடு கூடிய கூலி. 'கிரிக்கெட் 07' இல் முகம் குழம்பி நின்ற இலங்கை வீரருக்கும் இந்நீதி பொருந்தாதா? வேண்டுவது, எவரும் நியாய விலை கொடுத்துப் பெயரைப் பெறக்கூடிய திறந்த வாயில். ஒருவருக்கு மட்டும் திறந்து, ஏனையோருக்கு அடைபடும் வாயில் அன்று. பெரிய சபைகளுக்குத்தான் விலைபேச வாங்குவோர் உண்டு. சிறு நாட்டின் பெயரை வாங்குவதற்கு வரிசை நிற்பதில்லை.

இன்று கணினியின் இடத்தைக் கையடக்கத் தொலைபேசி பிடித்துக்கொண்டது. சென்னையிலுள்ள நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா நிறுவனத்தின் 'வேர்ல்ட் கிரிக்கெட் சம்பியன்ஷிப்' என்னும் விளையாட்டு அட்டாளைச்சேனைச் சிறுவரின் கைக்கும் எட்டியுள்ளது. அதிலும் பெயர்கள் திரிந்தவையே. ஆயினும் திருத்துவதற்கு இடமுண்டு. பிள்ளைகள் முதலில் திறப்பது அப்பக்கத்தைத்தான். எழுத்தெழுத்தாகத் தட்டி, தம்மவரைத் தம்மவராக்கிய பின்னரே நாணயம் சுண்டுவர்.

பழைய வீரர்களைக் கொண்டு அணி அமைக்க முற்படும்போது ஒரு சச்சரவு தப்பாமல் எழும். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவரின் பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது? பத்திரிகைகள் நெடுங்காலம் 'ரி, எச்' இட்டு எழுதின. 2007 இல் அவுஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான தொடருக்கு வோர்னின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக் கிண்ணம் அமைத்தபோதுதான், 'டி' இட்டு எழுதுவதையே அவர் விரும்புகின்றார் என்பது வெளிவந்தது. ஒருவன் 'ரி' என்பான்; மற்றவன் 'டி' என்பான். மூத்தவன் தொலைபேசியைப் பறித்து இரண்டிலொன்றைத் தட்டுவான். அதற்குள் மஃரிபுக்குப் பாங்கு கேட்டுவிடும்.