நாயின் சிறுநீர் கூறும் செய்தி

(ஏற்காட்டில் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கறவை மாட்டைப் பற்றிப் பேசாமல் நாயைப் பற்றிப் பேச வந்தோமே என்று சிலர் புன்னகை செய்கின்றீர்கள். சேர்வராயன் மலையிலே காப்பித் தோட்டக் காவலில் பாதி நாயினுடையது அன்றோ? அதற்கு நோய் வந்தால் வாய் திறந்து சொல்லாது. அதன் சிறுநீர் சொல்லும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சிற்றூரில், காவல் நாயொன்று இரண்டு நாட்களாக உணவை வெறுத்துப் படுத்திருந்தது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று வீட்டார் அண்டை வீட்டாரோடு வழக்காடிக் கொண்டிருந்தனர். நாய் கழித்த நீர் காப்பிக் கஷாயம் போலிருந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. கால்நடை மருத்துவர் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது உட்புகும் நுண்ணுயிர் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. அந்தச் சாயமே சிறுநீரில் இறங்குகிறது. நாய் பிழைத்தது. அண்டை வீட்டாரின் மனத்தாங்கல் தீரத்தான் நாளாயிற்று.

சிறுநீரில் மருந்து தோய்த்த காகிதக் கீற்றை நனைத்தால் நிறம் மாறும். சர்க்கரை தென்பட்டால் நீரிழிவை ஐயுறலாம். புரதம் மிகுந்தால் சிறுநீரகத்தை ஆராய வேண்டும். ஒப்படர்த்தியை மட்டும் கீற்றை நம்பாது தனிக் கருவியால் அளப்பர். நாய்க்கு அது பெரும்பாலும் 1.015 முதல் 1.045 வரை இருக்கும். கிழநாய் ஓயாது தண்ணீர் குடித்து, நீர்த்த சிறுநீரையே கழித்து வருமாயின், சிறுநீரகத்தில் மூன்றில் இரு பங்கு பழுதாகியிருக்கக் கூடும். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதோ ஏறத்தாழ முக்கால் பங்கு பழுதான பிறகுதான்.

அதிகாலைச் சிறுநீரே சோதனைக்கு ஏற்றது. நீண்ட பிடியுள்ள கரண்டியில் ஏந்தி, சுத்தமான உலர்ந்த புட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரத்திற்குள் கால்நடை மருந்தகம் சேர்க்க வேண்டும். பஸ் தவறினால் குளிரில் வைக்கலாம். டானிக் புட்டி மட்டும் உதவாது. அதில் ஒட்டிய சர்க்கரை, இல்லாத நீரிழிவைக் காட்டிவிடும்!

கைகளுக்கு உறை அவசியம். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சிறுநீரிலும் அக்கிருமி வெளிப்படும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் காப்பிப் பழம் பறிப்போரின் சிறு காயம் வழியே அது உடலில் நுழைந்துவிடும். இதைக் காகிதக் கீற்று காட்டாது. தனிச் சோதனை உண்டு. நாய்க்குத் தடுப்பூசியும் உண்டு.

பஞ்சாயத்து அலுவலகம்தோறும் பத்துப் புட்டிகளும் கையுறைகளும் இந்த மழைக்கு முன்னரே வாங்கி வைக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.