மிஷன் பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் டிவிஷன் ஒன்றுக்கு வெளிநாட்டுச் சபைக்காரர்கள் வேனில் வந்து, பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் கொப்பியும் கொடுத்துப் போனார்கள். மறுநாள் பீலியடியில் சண்டை. ஜெபத்துக்குப் போன வீட்டுக்குத்தான் பை கிடைத்தது என்று ஒரு பக்கம், கோயில்காரர்களுக்குப் பொறாமை என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் நம் அங்கத்தவர்கள்தான். அதனால்தான் இன்று சம்பளப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்து இதைப் பேசுகிறோம்.

மிஷன் நமக்குப் புதிதல்ல. தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்தில், 1854-இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக மலையேறி நடந்தார்கள். பெயரிலேயே நம்மைக் கூலி என்று எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்துப் பேச்சு அது, என்றாலும் காதில் குத்துகிறது. ஆனால் வேறு யாரும் எட்டிப் பார்க்காத நாளில் லயத்துப் பிள்ளைக்கு 'அ' எழுதக் காட்டியவர்களில் அவர்களும் உண்டு. ஊருக்குக் கடிதம் எழுத நம் தாத்தாமார் சிலர் கற்றது அந்தப் படிப்பால்தான். இதை நன்றியோடு சொல்கிறோம்.

செலவை யார் கொடுத்தது? மிஷனரியின் சம்பளத்தைச் சீமைச் சங்கம் கொடுத்தது. உபதேசிமாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துரைமார் கமிட்டி சந்தா போட்டது. படியளக்கிறவர் துரை என்றால், பிள்ளை எவ்வளவு படிக்கலாம் என்பதையும் அவர்தானே அளப்பார்? கொழுந்துக்குச் சின்னக் கையும் வேண்டியிருந்ததே! 1907-இல் வந்த சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் படிப்பைத் துரையின் பொறுப்பிலேயே விட்டது. அதற்குப் பிறகு கூடைதான். ஹட்டனில் மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய பள்ளி இன்று ஹைலன்ட்ஸ் கல்லூரியாக நிற்கிறது. ஆனால் அன்றைக்கு டவுன்வரை பிள்ளையை அனுப்ப எத்தனை லயத்தாரால் முடிந்தது?

1960, 61-இல் நாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை அரசு எடுத்தது. நம் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. 1948-இல் பிரஜாவுரிமை பறிபோன சனம்தானே நாம்! 1977-இலிருந்துதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

இன்னொரு வழியில் வந்த பாதிரிமாரும் உண்டு. 1972-இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் எல்லா இனத்தாரையும் மதத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்து, தோட்டத் தொழிலாளரின் உரிமையைப் பேசினார்.

யார் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதில் சங்கம் தலையிடாது. கொடுக்க வருகிறவர்கள் பாடசாலை மூலம், இடாப்பில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கட்டும் என்று தலைவிமார் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பை வந்துவிட்டது, சரி. அதைத் தோளில் போட்டுப் போகிற பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்க ஆசிரியர் எங்கே? அந்தக் கேள்விக்கு வேனில் வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, வலயக் கல்விப் பணிமனை சொல்ல வேண்டும்.

மனு அந்த மேசையில் இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கிற அம்மாமார் வெட்கப்பட வேண்டாம், மையும் வைத்திருக்கிறோம்.