தொந்தி கரைந்தால் மட்டும் போதுமா?

(புனேயில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பந்தியில் பாயசம் காத்திருப்பது எனக்கும் தெரியும். அதனால் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், எனக்கு 60 வயது. என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பகவான் புண்ணியத்தில் பெரிய அடி இல்லை. ஆனால் 45 கிலோ எடையுள்ள அவளைத் தூக்கி உட்கார வைக்க என்னால் முடியவில்லை. வாட்ச்மேன் வந்துதான் தூக்கினார். அன்று பட்ட வெட்கம்தான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

இத்தனைக்கும் நான் சும்மா இருந்தவன் இல்லை. தினம் ஒரு மணி நேரம் நடை, ஏகாதசி தவறாமல் உபவாசம், ராத்திரி இரண்டே இட்லி. ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைத்திருந்தேன். தொந்தி பாதி அப்படியே இருந்தது. கையும் தொடையும் குச்சியாகிவிட்டன. கொழுப்போடு தசையும் போயிருக்கிறது!

நம்மவர்களின் தேகவாகு பற்றி இந்த ஊர் டாக்டர் ஒருவரே உலகத்துக்குக் காட்டியிருக்கிறார். 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே உதாரணமாக வைத்து எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசு முழு உண்மையைச் சொல்லாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பேரப்பிள்ளைகள் கேட்கும் 'சிக்ஸ் பேக்' விஷயமும் இதுதான். உள்ளே தசை இருக்க வேண்டும். மேலே உள்ள கொழுப்புப் போர்வை மெலிய வேண்டும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது.

நான் செய்வது வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், 45 நிமிஷம். எடையுடன் உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து எடையைத் தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது, மார்பை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை; கடைசி இரண்டு தடவை சிரமப்பட வேண்டும். 12 சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதே இரண்டு கிலோ டம்பெல்லை வருஷக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருந்தால் தசை வளராது. மாமிகளுக்கும் இது அவசியம்; எலும்புக்கும் பலம்.

அடுத்து ஆகாரம். பட்டினி வேண்டாம். தேவையைவிட தினம் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். குறைப்பது சாதத்தில் இருக்கட்டும், புரதத்தில் அல்ல. சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே என்போம்; ஒரு கரண்டியில் வருவது சொற்பம். எடைப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். என் 65 கிலோவுக்குக் குறைந்தது 78 கிராம். அரை லிட்டர் பாலில் 16, 100 கிராம் பன்னீரில் 18, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் கிடைக்கும். பருப்பு, தயிர், பயறு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சைவச் சாப்பாட்டிலேயே முடியும்.

ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் இவற்றில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

பலன்? எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இடுப்புச் சுற்றளவோ மூன்று அங்குலம் குறைந்துவிட்டது. புஜத்தில் ஒரு கோடு தெரிகிறது. சிக்ஸ் பேக் வரவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. தாயாருக்கு இப்போது 89. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு தினமும் நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன். "மெதுவாடா, விழுந்துடப் போறேன்" என்று முதலில் பயந்தவள், இப்போதெல்லாம் பேசாமல் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.