கடன் கணக்கும் அமானிதமே

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் என்று ஆலிம்கள் சொல்வார்கள். கடனை எழுதி வைப்பது பற்றிய வசனம் அது. எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும் என்றும் அது பணிக்கிறது. எங்கள் கடன் கணக்கை இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறோம். அதில் ஒரு தவறு செய்துவிட்டோம். அதை மறைக்காமல் உங்கள் முன் வைக்கிறோம்.

வட்டியில்லாக் கடன் பெற்ற ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போன எங்கள் தன்னார்வலர், அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி, மூன்று தவணை பாக்கி என்று கேட்டார். அந்தச் சகோதரி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மூன்று ரசீதுகளை எடுத்து வந்து காட்டினார். மூன்றும் நாங்கள் கொடுத்தவை.

அந்தத் தவணைகள் பட்டியலிலும் பதிவாகியிருந்தன. பிறகு எங்கே தவறு? திட்டம் தொடங்கியபோது, 2ஆம் வரி முதல் 500ஆம் வரி வரை கூட்டும்படி எக்செல்லில் ஃபார்முலா போட்டிருந்தோம். பட்டியல் 500 வரியைத் தாண்டி வளர்ந்தது. ஃபார்முலா அங்கேயே நின்றுவிட்டது. பிழை என்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விடை வந்தது, குறைவாக வந்தது.

இப்போது திருத்தியிருக்கிறோம். கடைக்கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலாவது, பட்டியலை ‘டேபிள்’ ஆக்கினோம். பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று, கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தினால் போதும். கீழே புதிய வரி எழுத எழுத டேபிள் தானே நீளும். ஃபார்முலாவில் வரி எண்ணுக்குப் பதிலாக டேபிளின் பெயரையும் பத்தியின் தலைப்பையும் கொடுத்தால், கூட்டலும் கூடவே நீளும்.

இரண்டாவது, முதல் வரியிலிருந்து அந்த வரி வரை வசூலான மொத்தத்தை ஒவ்வொரு வரியிலும் கூட்டிக்கொண்டிருந்தோம். 1,000 வரி சேர்ந்தால் அதற்கு 5,00,500 கட்டங்களைக் கூட்ட வேண்டும். 5,000 வரியானால் அது ஒன்றேகால் கோடியாகிவிடும், கம்ப்யூட்டர் திணறும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, மொத்தத்தை ஒரே கட்டத்தில் வைத்தோம்.

மூன்றாவது, முஹம்மது, முகமது, மொஹமது என்று ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுகிறோம். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர். ஆகவே பெயரை விட்டு, கடன் அட்டை எண்ணை வைத்தே சம்இஃப்ஸ் ஃபார்முலாவால் ஒவ்வொருவர் தவணையையும் கூட்டுகிறோம்.

இவற்றுக்கும் மேலாக, மாதக் கடைசியில் ரசீதுப் புத்தகத்தைக் கையால் கூட்டி, கம்ப்யூட்டர் தரும் தொகையோடு ஒத்துப் பார்க்கிறோம். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும், அது தீரும்வரை பாக்கி கேட்டு யார் வீட்டுக்கும் போவதில்லை.

அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பெருந்தன்மையோடு மன்னித்தார். ஆனால் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும். தவறு எங்களுடையது.

ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மறுமையில் நம் எல்லோருடைய கணக்கையும் அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.