வாசலுக்கு விளக்குமாறு, பாத்திக்குப் போர்வை
(தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் முன்னோர் மொழி. பொழுது புலருமுன் எழுந்து, வேலைக்குப் புறப்படுமுன் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் நல்வழக்கத்தை நம் தாய்மார்கள் இன்றும் கைவிட்டாரில்லை. அது போற்றத்தக்கது. ஆயினும், அந்த விளக்குமாறு வாசலோடு நின்றுவிடுவதில்லை. வீட்டோரத்துக் கத்தரிச் செடியின் அடிவரை சென்றுவிடுகிறது. ஒரு சருகும் இன்றி மண் பளிச்சென்று தெரிந்தால்தான் துப்புரவு என்று நாம் எண்ணிவிடுகிறோம். வாசலுக்கு அது பொருந்தும், பாத்திக்குப் பொருந்தாது. பாத்தியில் நமக்குச் சோறு போடுவது மூடிய மண்ணே. இதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ரப்பர் நிலம் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை நமக்கு முதலில் கற்பித்தது நாம் உழைக்கும் ரப்பர் நிலமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்லும் தலைகாட்டாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்பட்டது. அந்தப் புல்வெட்டு வேலையில் நம் பாட்டன் பாட்டிமார் சிந்திய வியர்வை கொஞ்சமன்று. விளைவு என்ன? திறந்து கிடந்த மேல்மண்ணை மழை அரித்துக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டியது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. பட்ட பின்னரே அறிவு வந்தது. 1920, 1930ஆம் ஆண்டுகளில், நிலத்தைக் கொடிகளால் மூடும் முறை தோட்டங்களில் பரவலாயிற்று.

இன்று இளங்கன்றுகள் நட்ட நிலத்தில் பியூரேரியா, செண்ட்ரோசிமா முதலிய கொடிகள் படர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை மண்ணைக் காக்கின்றன. அவரை இனத்தைச் சேர்ந்தவை ஆதலின், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கவும் செய்கின்றன. நிருவாகத்தினர் தம் நிலத்துக்குச் செய்வதனை, நாம் நம் பாத்திக்குச் செய்யலாகாதா?

மழையும் வெயிலும்

நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிற்பகலில் திடீரெனக் கொட்டும் மழையின் ஒவ்வொரு துளியும் திறந்த மண்ணைச் சம்மட்டிபோல் அடிக்கின்றது. மண் துகள்கள் சிதறுகின்றன. கீரையின் அடியிலை முழுதும் சேறு தெறிக்கிறது. அச்சேற்றோடு மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளும் இலைக்கு ஏறுகின்றன. மழை நின்றதும் மண் இறுகி ஓடு கட்டிக்கொள்கிறது. அடுத்த மழையின் நீர் உள்ளே இறங்காமல், எஞ்சிய நல்ல மண்ணையும் போட்ட உரத்தையும் சுமந்துகொண்டு சாக்கடையை நோக்கி ஓடுகிறது. இனி, வெயில் காய்ந்தாலோ அதே மண் வெடிக்கிறது. பால் வெட்டிவிட்டுக் களைத்து வரும் நாம், மாலையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கிறது.

மண்ணின்மீது சருகு, புல் முதலியவற்றைப் பரப்பி மூடுவதற்கு 'மூடாக்கு' என்று பெயர். மூடாக்கு மழையின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது. வெளிச்சம் இல்லாமையால் களை முளைப்பது குறைகிறது. நாளடைவில் தானே மட்கி உரமாகிறது. நீர் சுமக்கும் நேரமும் களை பிடுங்கும் நேரமும் நமக்கு மிச்சமாகின்றன.

எதனைப் பரப்புவது?

காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது, வீட்டைச் சுற்றிக் காற்றில் வந்து குவியும் சருகே போதும். மரங்களின் அடியில் கிடப்பதனை வாரி வர வேண்டா. அது மரங்களுக்குரிய போர்வை. வெட்டிய புல், வாழைச் சருகு, காய்ந்த லாலாங் ஆகியவையும் ஏற்றவை. லாலாங்கைப் பூக்குமுன் அறுத்து, தாளை மட்டும் பயன்படுத்துக. கிழங்கோடு பிடுங்கிப் போட்டால் பாத்தியே லாலாங் காடாகிவிடும்.

சருகைக் குவித்துத் தீயிடும் பழக்கத்தை இனி நாம் விட்டுவிட வேண்டும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்குத் தடை உண்டு. அன்றியும், எரிப்பது குப்பையை அன்று. நம் பாத்தியின் உணவை.

மூன்று பொருள்களைத் தவிர்த்தல் நலம். முதலாவது, புல்மருந்து அடித்த இடத்தில் வெட்டிய புல். இரண்டாவது, மேசை நாற்காலி செய்யும் ஆலைகளின் மரத்தூள். ரப்பர்ப் பலகைக்கு ஏற்றப்படும் போரான் மருந்து அளவு மிகுந்தால் செடிக்குத் தீங்காகும். மூன்றாவது, வெள்ளை வேர் நோயால் மாண்ட ரப்பர் மரத்தின் கட்டையும் வேரும். அந்நோய்க் காளான் மரவள்ளியையும் தாக்க வல்லது.

பரப்பும் முறை

முதலில் களைகளை வேரோடு நீக்குக. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில் 2 முதல் 3 அங்குலக் கனத்திற்குச் சருகைப் பரப்புக. காய்ந்த மண்ணை மூடினால், சிறு தூறல் உள்ளே இறங்காமல் சருகிலேயே தங்கிவிடும். செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் வெறுமையாக விடுக. இல்லையேல் தண்டு அழுகும். கீரை விதைத்த பாத்தியை, நாற்று விரலளவு உயர்ந்த பிறகே மூடுதல் வேண்டும். சருகு மட்கித் தாழத் தாழ, மேலும் சிறிது சேர்த்து வருக. பலகை வீடாயின், சுவரிலிருந்து ஓரடியேனும் தள்ளியே பரப்புக. கறையான் ஏறுவதற்கு நாமே பாலம் கட்டலாகாது.

கரை கட்டுதல்

பாத்திக்குப் போர்வை எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அதற்கொரு கரை. கரை இல்லாத பாத்தியின் சருகைக் கோழி சீய்க்கும். மழை இழுத்துச் செல்லும். பிறகு வாசலும் பாழ், பாத்தியும் பாழ். கரை இருந்தால் விளக்குமாற்றுக்கு எல்லை இதுவென்று தெரிந்துவிடும்.

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மிகாதிருக்கட்டும். அப்போதுதான் இருபுறமும் நின்று, மண்ணை மிதியாமலே நடுவரை கைநீட்டிப் பறிக்கலாம். சரிவான இடமாயின், ரப்பர் நிலத்தில் படிப்படியாகத் தளம் வெட்டியிருப்பதுபோல், சரிவுக்குக் குறுக்காகவே பாத்தி அமைக்க வேண்டும். மண்வெட்டியால் ஓரத்தை நேராக வெட்டி, மண்ணை 6 அங்குலம் உயர்த்தி, கல், உடைந்த செங்கல், பிளந்த மூங்கில் ஆகியவற்றுள் கிடைப்பதனைப் பதிக்கலாம். செரையையோ பண்டானையோ ஓரமாக நெருக்கி நட்டால், அதுவே உயிருள்ள கரையாகும். அதன் வேர் மண்ணைப் பிடிக்கும், இலை அடுப்பங்கரைக்கு உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, வாய் மேல்நோக்கிய புட்டி ஆகியவற்றை அழகுக்காகக் கரையில் வைக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். அவற்றில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் அம்முட்டை கொசுவாகிப் பறக்கிறது. நீர் வற்றிய பின்னும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். கீரைக்குக் கட்டிய கரை, குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரலாமா? கொசு வளர இடங்கொடுப்பது, 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். மருந்து வந்த காலித் தோம்புகளையும் பாத்தியருகே கொண்டுவர வேண்டா.

ஐயங்கள் இரண்டு

'சருகு கிடந்தால் பாம்பு வருமே' என்று தாய்மார்கள் அஞ்சுகின்றனர். நியாயமான அச்சமே. பாம்பும் எலியும் நாடுவது குவியலையும் கட்டை அடுக்கையும் ஆகும். ஆகவேதான் 3 அங்குலத்துக்கு மேல் வேண்டா என்கிறோம். மிகுந்த சருகை வீட்டோரம் குவித்து வைக்காமல், தொலைவில் குழி வெட்டி மட்கவிடுக. குவியலைத் திறந்து போட்டுவைத்தால், தென்னையையும் செம்பனையையும் கெடுக்கும் காண்டாமிருக வண்டும் அதில் பெருகும்.

'நிலம் நம்முடையதன்று, தோட்டம் விற்கப்பட்டால் நாளையே வெளியேற நேரலாம், நாம் ஏன் மண்ணை வளர்க்க வேண்டும்?' என்பது இரண்டாவது ஐயம். துண்டாடப்பட்ட தோட்டங்களையும் இடம்பெயர்ந்த குடும்பங்களையும் கண்ட நாம், இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். கீரை 3, 4 வாரங்களில் கறிக்கு வருகிறது. வெண்டை இரண்டு மாதத்திற்குள் காய்க்கிறது. இன்று பரப்பிய சருகின் பயனை, இந்தப் போகத்திலேயே பெற்றுவிடுகிறோம். பலா, மா போன்ற நெடுங்கால மரங்களை நடுவதாயின், நிருவாகத்தின் இசைவைப் பெற்றே நடுதல் வேண்டும். நாளை அடுக்குமாடி வீட்டுக்குச் சென்றாலும், தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடிக்கும் இதே மூடாக்கு உதவும். நிலத்தை விட்டுச் செல்ல நேரலாம். கற்ற தொழிலை யாரும் பறித்துக்கொள்ள இயலாது.

1974ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் அவர்கள் பிரதமராக இருந்தபோது, பசுமைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வேண்டிய உணவை வீட்டருகே விளைவிப்போம் என்பது அதன் அழைப்பு. விலைவாசி ஏறும் ஒவ்வொரு முறையும் அவ்வழைப்பு நம் நினைவுக்கு வருகின்றது.

ஆகவே அன்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பாத்தியில் தொடங்குவோம். ஒரு பாதியை மூடியும் மறுபாதியை வெறுமையாக விட்டும் ஒரு மாதம் பார்ப்போம். மழைக்குப் பின் எந்தப் பாதியில் மண் நிற்கிறது, வெயிலில் எந்தப் பாதி வாடுகிறது என்பதனை நம் பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் செய்வோம். வாசலை என்றும்போல் பெருக்குவோம். பாத்தியின் கரை வந்ததும் விளக்குமாற்றை நிறுத்துவோம்.