பிறர் அனுபவமும் வயோதிபர் இல்லமும்

தள்ளாத வயதடைந்த தாயையோ தந்தையையோ வயோதிபர் இல்லமொன்றிற் சேர்ப்பதா என்று ஆலோசிக்கும் குடும்பத்தார், அரசாங்க அலுவலகத்தை நாடுமுன், ஊரிலும் உறவிலும் அவ்வில்லத்தில் எவரையேனும் வைத்திருந்தவர் உளரா என்றே விசாரிக்கின்றனர். அப்படி ஒருவர் அகப்பட்டால் அவர் சொல்லே பெரும்பாலும் தீர்ப்பாகிவிடுகிறது. "மிக நல்ல இடம்" என்று அவர் சொன்னாற் பெட்டி கட்டப்படுகிறது. "அந்தப் பக்கமே போகவேண்டாம்" என்றால் அவ்வில்லத்தின் பெயர் பின்னர் அவ்வீட்டிற் பேசப்படுவதில்லை.

இவ்வழக்கத்தைப் பேதைமையென்று ஒதுக்குதல் தகாது. இங்கிலாந்தில் 2009 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பராமரிப்புத் தர ஆணைக்குழு, இல்லங்களைச் சோதனையிட்டுத் தன் அறிக்கைகளை எவரும் படிக்குமாறு வெளியிடுகின்றது. நம் தீவிலே 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோரை வைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் பதிவுபெறவேண்டுமென விதித்துள்ளது. பதிவுப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தல் அவசியமே. ஆயினும், நள்ளிரவில் ஒரு கிழவி தண்ணீர் கேட்டால் எழுந்து வருபவர் யார் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. அதனைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே வாழ்வோரும் அவர்களைச் சென்று பார்ப்போருமே.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்று அதிகமாயிருந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, பெரிய வீடொன்றில் ஒரு விளக்கை மாத்திரம் ஏற்றிவைத்துக்கொண்டு தனித்திருக்கும் முதியோர் பலர். அவர்களுள் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வைத்தியசாலைக்குச் சென்றுவிட்டால், அடுத்த பத்து நாட்களுள் ஒரு முடிவு செய்தாக வேண்டும். அவ்வவசரத்திற் கேட்கப்படும் சொல்லை எடை போடுவதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

எடை போடுவோர் முதலில் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. ஒரு குடும்பத்தின் அனுபவம் இல்லத்தைப் பற்றிச் சொல்வதோடு அக்குடும்பத்தைப் பற்றியும் சொல்கின்றது. தாயை விட்டுவந்த மகள் அவ்விடத்தைப் புகழ்ந்துரைப்பதில், தான் செய்தது சரியே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் கலந்திருக்கலாம். தந்தை இறந்தபின் இல்லத்தைக் கடிந்துரைக்கும் மகனுடைய கோபத்திற் பாதி, கடைசி நாளில் அருகில் இல்லாது போன துயரமாயிருக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கூற்றிலிருந்து மனநிலையைப் பிரித்து, நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் கேட்பவர் கடமை.

இது செய்யக்கூடியதே. "இடம் நல்லதா?" என்று கேட்டால் அபிப்பிராயமே விடையாகக் கிடைக்கும். "அம்மாவுக்குக் கடைசியாகக் காய்ச்சல் கண்டது எப்போது? உங்களுக்கு அறிவித்தது அன்றைக்கா, மூன்றாம் நாளா? குளிக்க வார்ப்பவர் யார்? மாத்திரையைக் கையிற் கொடுத்துவிட்டுப் போகிறார்களா, விழுங்கும்வரை நிற்கிறார்களா?" என்று கேட்டால் நிகழ்ச்சிகள் வெளிவரும். இவற்றிற்கு விடை தெரியாத ஒருவர் எவ்வளவு புகழ்ந்தாலும், அது கல்யாண வீட்டுப் பந்தலைப் பார்த்துவிட்டுச் சமையலைப் புகழ்வது போன்றதே.

சொல்பவர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. தொறன்ரோவிலுள்ள மகன் கைத்தொலைபேசித் திரையில் தாயின் முகத்தைக் காண்கிறான். கணக்கு ஒழுங்காக வருகிறதா, அழைத்தால் எடுக்கிறார்களா என்பவற்றில் அவன் சாட்சியம் பெறுமதியானது. படுக்கை விரிப்பு மாற்றப்பட்டதா என்பதை அவன் அறியான். கிழமைதோறும், அதுவும் சொல்லாமற் கொள்ளாமல், வெவ்வேறு நேரங்களிற் சென்றுவந்த மருமகளின் சொல் இவ்விடயத்தில் அவன் சொல்லைவிடக் கனமானது. காலமும் அவ்வாறே. ஆறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அனுபவம், அக்காலத்திலிருந்த பொறுப்பாளரையும் தாதியரையும் பற்றியது. அவர்கள் விலகிப்போயிருந்தாற் கட்டிடமும் பெயர்ப்பலகையுமே பழையவை.

குறைகளை எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு தவறு நிகழ்கின்றது. பத்துப் பேர் புகழ்ந்து ஒருவர் குறை கூறினாற் பத்தே பெரிதென்று கணக்கிடுகின்றனர். குறையின் தன்மையை நோக்கவேண்டும். சலவைக்குப் போன சேலை மாறிவந்தது, சொதியில் உப்பில்லை என்பன எந்த இல்லத்திலும் நிகழ்பவை. தானாகப் புரண்டு படுக்க இயலாத ஒருவருக்குப் படுக்கைப் புண் கண்டது என்பதோ வேறு வகையானது. அத்தகையவரைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறையேனும் திருப்பிக் கிடத்தவேண்டும். புண் தோன்றி ஆழமாயிற்றென்றால் பல நாட்கள் அது செய்யப்படவில்லையோ என்று ஐயுறவேண்டும். புண் வைத்தியசாலையிலிருந்தே வந்ததா என்றும் விசாரித்தல் நியாயம். இல்லத்திலேயே உண்டாகி, மறைக்கவும் பட்டதென்று தெரிந்தால், அவ்வொரு சாட்சியம் பத்துப் புகழுரைகளிலும் கனமானது. விழுந்த செய்தியும் இத்தகையதே. நடமாடும் முதியவர் எங்கும் விழக்கூடும். விழுந்ததை அன்றே அறிவித்த இல்லமா, காயத்தைக் கண்டு கேட்டபின் ஒப்புக்கொண்ட இல்லமா என்பதே கேள்வி.

இனி, ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் பொருந்துமா என்பது. கொழும்பிலுள்ள ஓர் இல்லத்தைச் சிங்களக் குடும்பமொன்று மனமாரப் புகழலாம். அப்புகழ் முற்றும் உண்மையாகவே இருக்கட்டும். தமிழ் மாத்திரமே அறிந்த மூதாட்டியொருவர் அங்கு சென்று, இரவில் நெஞ்சு நோகின்றதென்று சொல்ல வாயெடுத்தால், விளங்கிக்கொள்ள அந்த நேரத்தில் ஒருவர் இருப்பாரா? வெள்ளிக்கிழமை விரதத்துக்குச் சைவ உணவு தனிப் பாத்திரத்திற் சமைக்கப்படுமா? முன்னைய குடும்பத்துக்கு இவை தோன்றியே இரா. ஆகவே அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். ஞாபக மறதி கண்டவரின் தேவை வேறு. அறிவு தெளிவாயிருந்து கால் மட்டும் தளர்ந்தவரின் தேவை வேறு. பின்னவரை மறதியாளர் நடுவே இருத்தினால், பேச்சுத்துணையின்றி அவரும் வாடிப்போவார்.

இவ்வளவும் குடும்பத்தாரின் சொல். அங்கு வாழ்பவர்களின் சொல் எங்கே? பீற்றர் ரவுன்சென்ட் என்னும் ஆங்கிலச் சமூகவியலாளர் 1950 களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலுமுள்ள 173 முதியோர் நிலையங்களுக்குச் சென்று, பொறுப்பாளரோடு மட்டுமன்றி அங்கு வாழ்ந்தோரோடும் உரையாடி, 1962 இல் 'இறுதிப் புகலிடம்' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். வெளியார் கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றிய இடங்களிற் கூடத் தனிமையும், தன் விருப்பப்படி எதையும் செய்ய இயலாமையும் முதியோரை வருத்தியதை அவர் எடுத்துக்காட்டினார். ஓர் இல்லத்தைப் பார்க்கச் செல்லும் குடும்பத்தவர் அலுவலக அறையிலேயே ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு வருதல் வீண். மதிய உணவு வேளையிற் சென்று, விறாந்தையில் இருப்பவர்களோடு கால்மணி நேரம் பேசினால் எவ்வளவோ தெரியவரும். பணியாளர் அருகில் வந்ததும் அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறதா என்பதும் கவனிக்கவேண்டியதே.

போகப்போகும் முதியவரையே அழைத்துச் செல்வோர் மிகச் சிலர். "அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது" என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்கிறார்கள். அறுபது ஆண்டுகள் குடும்பத்தை நடத்தியவருக்கு ஓர் அறையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லத் தெரியாதாம்! இல்லத்தார் இசைந்தால் ஒரு கிழமையேனும் அவரைத் தங்கவைத்துப் பார்க்கலாம். முதல் நாட்களில் எவருக்கும் உறக்கம் குறையும், உணவு இறங்காது, வீட்டு நினைவே மேலிடும். ஆதலால் அக்கிழமையில் வரும் முறைப்பாடு முழுவதையும் இல்லத்தின்மேற் சுமத்தலாகாது. எந்த முறைப்பாடு நாள் செல்லச் செல்லத் தேய்கிறது, எது வளர்கிறது என்பதைப் பிள்ளைகள் திகதியோடு குறித்துவைத்தல் நல்லது. அந்தக் குறிப்பேட்டைத்தான் நாளை இன்னொரு குடும்பம் தேடிவந்து கேட்கும்.