குறட்டையும் வீட்டில் செய்யும் உறக்கப் பரிசோதனையும்

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

உறக்கம் வல்ல நாயன் அளித்த அருட்கொடை. உடல் அவன் ஒப்படைத்த அமானிதம். ஆயினும், ஒருவர் உரக்கக் குறட்டை விட்டால் "அசந்து தூங்குகிறார்" என்று நகைத்துவிடுகிறோம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பின் திணறலுடன் மீளுமாயின், அது நகைப்புக்குரியதன்று, நோயின் அறிகுறி.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோய். மருத்துவர்கள் இதனை 'ஸ்லீப் ஆப்னியா' என்பர். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைய, மூளை திடுக்கிட்டு விழிக்கும். இரவெல்லாம் இது தொடரும். நாளடைவில் இரத்த அழுத்தம் கூடும். பகலிலும் கண்கள் சொருகும். சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கு ஒரு நொடிக் கண்ணயர்வு எத்தகைய ஆபத்து என்பதை நம் பகுதியினருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் என டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் 2023ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

இதனை முழுமையாக அறிய, மருத்துவமனையில் ஓரிரவு தங்கிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தயங்குவோர் பலர். அத்தகையோர்க்கு, வீட்டிலேயே அணிந்து உறங்கும் சிறு கருவி ஒரு வசதி. மூக்கருகே மெல்லிய குழாய், மார்பில் பட்டை, விரலில் கவ்வி ஆகியவற்றின் வழியே மூச்சோட்டம், மூச்சுக்கான முயற்சி, ஆக்ஸிஜன் அளவு மூன்றையும் அது பதிவு செய்யும். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது எனக் கணக்கிடுவர். 5க்குக் குறைந்தால் இயல்பு. 15 வரை லேசான நோய். 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியை மட்டும் மாட்டிப் பார்த்து, நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது. மேலும், வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளையின் அலைகளைப் பதிவதில்லை. எனவே விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்ந்து, நோயின் அளவு குறைவாகத் தோன்றக்கூடும். முடிவு 'இல்லை' என்று வந்தும் அறிகுறிகள் நீடித்தால், மருத்துவமனைப் பரிசோதனையே வழி. அறிகுறிகள் தெளிவாக உள்ளவர்க்கும், கடுமையான இருதய, நுரையீரல் நோய்கள் இல்லாதவர்க்குமே, அதுவும் மருத்துவரின் ஆலோசனையுடன், வீட்டுப் பரிசோதனை ஏற்றது என 2014இல் இந்திய வல்லுநர்கள் வகுத்த 'இனோசா' வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

குறட்டை விடுபவர் தம் குறட்டையை அறியார். அருகில் உறங்குபவரே அறிவார். ஆகவே தாய்மார்களே, மூச்சு நிற்பதைக் கண்டால் மறைக்காது கூறுங்கள். சகோதரர்களே, அதைக் குறையாகக் கொள்ளாது மருத்துவரை நாடுங்கள். எடைக் குறைப்பு, காற்றழுத்த முகக்கவசம் எனச் சிகிச்சைகள் உண்டு. நம் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.